ஆளில்லாத நடை

படத்தில் அவள் ஆள் யாரையும் வரையவில்லை. ஆனால் முதல் கமெண்ட்டே அந்த ஆளைப் பற்றித்தான் வந்தது.

"கடைசியில நிக்கிற அந்தப் பொம்பளை செம. முகத்தைக் காட்டாம விட்டீங்க பாருங்க, அதுதான் பயம்."

யாரோ வேறு படத்துக்குப் போட வேண்டியதை இங்கே போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். அடுத்த கமெண்ட் வந்தது. "வாஷிங் மெஷின் பக்கத்துல நிக்கிறாங்களே, அது யாருங்க?"

இணையத்தில் அவள் பெயர் 'நாற்பது'. எந்தத் திகில் நாவலாக இருந்தாலும் நாற்பது பக்கம்தான் தருவாள். அதற்குள் முதுகு சில்லிடவில்லை என்றால், ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடுகிற புத்தகம் என்றும் பார்க்கமாட்டாள், கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள். பகலில் பல் கட்டும் லேப் ஒன்றில் செயற்கைப் பல் செதுக்கும் வேலை. மிச்ச நேரத்தில் படிப்பது, திட்டுவது, டேப் என்கிற தொடுதிரைப் பலகையில் படம் வரைவது.

போன வாரம் அப்படித்தான் ஒரு நாவலைப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் கதையில் எட்டு முறை மழை பெய்கிறது, ஆறு முறை கரண்ட் போகிறது, மூன்று முறை பூனை குறுக்கே ஓடுகிறது. துப்பறிகிறவருக்கு வழக்கம்போல மனைவி செத்துப்போயிருக்கிறாள். பயம்தான் வரவில்லை, தூக்கம் வந்தது" என்று எழுதினாள். அந்த நாவலின் ரசிகர்கள் தேன்கூடு கலைந்ததுபோல வந்து மொய்த்தார்கள். "வாய் கிழியப் பேசறியே, நீயே பயமுறுத்திக் காட்டேன்" என்றான் ஒருவன். காட்டுகிறேன் என்று உட்கார்ந்து, மூன்று நாள் மாலையில் வரைந்ததுதான் இந்தப் படம். அவள் குடியிருக்கும் வீட்டின் நடை. ஹால் நாற்காலியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, பட்டப்பகல் வெளிச்சத்தில்: வலது பக்கம் அவள் படுக்கையறை, இடது பக்கம் நாத்தனாரின் அறைக் கதவு, அதைத் தாண்டி பாத்ரூம், கடைசியில் வாஷிங் மெஷின். அவ்வளவுதான். 'பயத்துக்கு ஆள்கூட வேண்டாம்' என்று கீழே எழுதிப் போட்டிருந்தாள்.

டேப்பை எடுத்துப் படத்தை விரல்களால் விரித்துப் பார்த்தாள். தரை ஒரு லேயர், சுவர் ஒரு லேயர், கதவுகள், நிழல், ஜன்னல் வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தாள், மறுபடி கொண்டுவந்து பார்த்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் வெறும் சுவர். தான் பூசிய சாம்பல் நிறம்.

கூட்டு சேர்ந்துகொண்டு விளையாடுகிறார்கள் என்று முடிவு கட்டினாள். "பத்துப் பேர் சேர்ந்து பொய் சொன்னால் பேய் வந்துவிடாது" என்று பதில் எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் லேபில் மதியம் சாப்பிட்டு முடித்ததும், கமெண்ட் உலகத்துக்கும் தனக்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லாத மனுஷரான லேபின் மூத்த மாஸ்டரிடம் போனை நீட்டினாள். அவர் கையிலிருந்த பிளாஸ்டர் மாவை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கியேம்மா. யாரு இது, உன் நாத்தனாரா?"

"எது மாஸ்டர்?"

"இதோ, பாத்ரூம் வாசல்ல நிக்கிறாங்களே."

"மெஷின்கிட்டயா?"

"இல்லம்மா. பாத்ரூம் வாசல்ல. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

அன்று பிற்பகல் முழுக்க அவள் செதுக்கிய கடைவாய்ப்பல்லில் பள்ளம் சரியாக விழவில்லை. மோட்டாரின் இரைச்சலுக்குள்ளும், பொசுங்கிய மெழுகின் வாசனைக்குள்ளும் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நேற்று மெஷின் பக்கத்தில். இன்று பாத்ரூம் வாசலில். பஸ்ஸில் வரும்போதே தன் இணையப் பக்கத்திலிருந்து படத்தை நீக்கினாள். அதற்குள் அதை நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பகிர்ந்திருந்தார்கள்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் நாத்தனார் ஹாலில் நின்றாள். கணவனின் அக்கா, பள்ளியில் கணக்கு டீச்சர். கட்டிய புருஷனோடு ஒத்துப்போகாமல் வந்தவள் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். தம்பி கப்பலில் வேலை பார்ப்பவன், ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் தரை இறங்குவான். மிச்ச நாளெல்லாம் இந்த இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் எலியும் பூனையும்தான். பதினோரு வருஷத்தில் நாத்தனார் அவளை வாய் நிறைய ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. 'ஏய்', இல்லாவிட்டால் 'மகாராணி'.

"வா மகாராணி. இது என்ன?" நாத்தனார் தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் பார்த்துச் சிரிக்கிறாங்க. என் நைட்டி, என் கொண்டை. என் ரூம் கதவுல கையை வச்சுக்கிட்டுப் பேய் மாதிரி நிக்கிறேன். உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"கதவுலயா?" போனை எட்டிப் பார்த்தாள். "அக்கா, சத்தியமா நான் யாரையும் வரையல. எனக்கு அங்க யாரும் தெரியல."

"தெரியாது. கொழுப்பெடுத்தவங்களுக்கு எதுதான் தெரியும்?"

"அக்கா, கொஞ்சம் கேளுங்க. மத்தியானம் அது பாத்ரூம்கிட்ட இருந்திருக்கு. இப்போ உங்க கதவுகிட்ட வந்திருக்குன்னு சொல்றீங்க."

"படம் நடக்குதுங்கிறியா? கண்ட கண்ட புக்கைப் படிச்சு மூளை கெட்டுப்போச்சு உனக்கு."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து நடையைப் பார்த்தாள். வெளியே வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் தரையில் பாய் விரித்ததுபோலக் கிடந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது, மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், பாத்ரூம் குழாய் சொட்டியது, எல்லாம் தினமும் கேட்கிற சத்தங்கள். ஆனால் அந்தச் சத்தங்களுக்கு நடுவே, நடையின் நீளத்தில் மட்டும், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பதுபோல ஓர் அமைதி இருந்தது. ஈரத்துணியை நாள்கணக்கில் மடித்து வைத்தால் வருமே, அந்தப் புழுங்கிய வாடை மெல்ல அவளிடம் வந்தது.

டேப்பைத் திறந்து மூலப் படத்தை எடுத்தாள். அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்பதன்மேல் விரலைக் கொண்டுபோனாள்.

"ஏய்."

உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல். கோபம் இல்லை அதில்.

"என்னக்கா?"

"இப்ப நீ படத்துல ஏதாவது மாத்தினியா?"

"இல்லக்கா. தொடவே இல்ல."



"என் போன்ல பார்த்துட்டிருக்கேன். படத்துல என் ரூம் கதவு பாதி திறந்திருக்கு."

அவள் தன் டேப்பைப் பார்த்தாள். அவள் படத்தில் கதவு மூடித்தான் இருந்தது. எதிரே, நிஜக் கதவும் மூடித்தான் இருந்தது.

"அந்தப் பொம்பளை எங்கக்கா?"

"நடையில இல்ல."

"எங்க போனா?"

"தெரியல." குரல் இறங்கிக்கொண்டே போனது. "அது நான் இல்ல. உன்னைத் திட்டணும்னுதான் சரியாப் பார்க்காம இருந்தேன். என் நைட்டி மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அந்தக் கை... அவ்வளவு நீளமா யாருக்கும் இருக்காது."

அவள் எழுந்தாள்.

"அக்கா, வெளிய வாங்க. தாழ்ப்பாளை எடுங்க."

"நீ இங்க வாயேன். தயவு செஞ்சு."

அந்தச் சொல்லை நாத்தனாரின் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. ஓடினாள். எட்டே அடி தூரம். கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தட்டினாள். உள்ளே ஏதோ கீழே விழுந்தது. போனாக இருக்கலாம். பிறகு கட்டில் கால் தரையில் உரசியது. ஒரே ஒரு முறை.

பிறகு ஒன்றும் இல்லை.

"அக்கா?"

குழாய் சொட்டியது.

"அக்கா!"

தாழ்ப்பாள் நகர்ந்தது. மெதுவாக, அது எந்தப் பக்கம் திறக்கும் என்று தேடுவதுபோல. கதவு திறந்தது. நாத்தனார் நின்றாள். கலைந்திருந்த முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

"பயந்துட்டியா கண்ணு?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே சுவரில் சாய்ந்தாள். நாத்தனார் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"ஒண்ணும் இல்லடா. படத்துல யாரும் இல்ல, நல்லாப் பார்த்துட்டேன். வேலைக்குப் போயிட்டு வந்து களைச்சிருப்ப. போய் உக்காரு, நான் டீ போடறேன். என் தங்கமில்ல?"

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அடுப்பு பற்றியது. நாற்காலியில் உட்கார்ந்தவள் சற்று நேரம் அந்தச் சத்தங்களையே பிடித்துக்கொண்டிருந்தாள். பயம் மனுஷங்களை எப்படி மாற்றிவிடுகிறது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. கணவனிடம் சொன்னால் நம்பமாட்டான்.

"சர்க்கரை எவ்வளவு கண்ணு?"

"ஒரு ஸ்பூன் போதும்க்கா."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். பதினோரு வருஷமாக இந்த வீட்டில் அவள் சர்க்கரை இல்லாமல் குடிப்பதும், அதைப் பற்றி நாத்தனார் தினமும் குத்திக்காட்டுவதும் இருவருக்கும் மனப்பாடம். பதற்றத்தில் அவளே உளறிவிட்டாள். ஆனால் நாத்தனார்?

"சரிடா" என்றது சமையலறைக் குரல்.

டேப் மடியில் கிடந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

படத்தில் கதவு திறந்திருந்தது. அவள் வரையாத இருட்டு அதற்குள் இருந்தது. முதல் முறையாக, அவளுக்கும் ஆள் தெரிந்தது.

விரித்துப் பார்த்தாள். கதவின் விளிம்பை நான்கு விரல்கள் பிடித்திருந்தன. நகங்களில் சாக்பீஸ் வெள்ளை. இடுக்கில் நாத்தனாரின் முகம். கொண்டை அவிழ்ந்து நெற்றியில் விழுந்திருந்தது. வாய் கிழிந்துவிடும் அளவுக்குத் திறந்திருந்தது. அந்தக் கத்தலில் துளி சத்தம் இல்லை.

சமையலறையில் ஸ்பூன் கலக்குவது நின்றது.

நடந்து வரும் ஓசை கேட்கவில்லை. ஈர வாடை மட்டும் வந்தது. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

"என்னடா பார்க்கிற? எனக்கும் காட்டு."

தோளில் ஒரு கை படிந்தது. அங்கேயே நிற்கவில்லை. கழுத்தைத் தாண்டி, மார்பைத் தாண்டி, மடிவரை நீண்டு, டேப்பின் ஓரத்தைப் பிடித்தது.

படத்தில் இருந்த நாத்தனாரின் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. பார்க்கப் பார்க்க அந்த நான்கு விரல்களும் கதவின் விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக நழுவி உள்ளே போயின.