மாரித் நலமாயிருக்கிறாள்

"பெட்டிய அவகிட்ட குடுத்து அனுப்பிடு, அக்கா. ரோடு மூடறதுக்குள்ள போயிடட்டும்."

"குடுக்க மாட்டேன்னு யாருடா சொன்னா? எழுதிட்டு எடுத்துட்டுப் போகட்டும்னுதான்—"

"எழுத வேணாம்!"

"அப்ப நீ எழுதுவியா? கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து. மூணு மாசமாச்சு, செல்மர். மூணு மாசம்!"

"மெதுவாப் பேசு. மேல கேக்கும்."

ஆர்டிஸ் பனி அப்பிய பூட்ஸோடு சமையலறை வாசலிலேயே நின்றாள். கடைசியாகச் சொன்னதுதான் அவளுக்குப் புரியவில்லை. மேலே யார்? பெரியம்மா போர்கில்டும் மாமா செல்மரும் மட்டும்தான் இந்தப் பண்ணை வீட்டில். குளிர்காலத்தில் மாடிக்கு அடுப்புச் சூடு கிடையாது. டகோட்டாவில் பாதி வீடுகளில் அப்படித்தான், மாடிப்படிக் கதவைச் சாத்தி, காற்று வராமல் அடியில் ஒரு கம்பளத்தைச் சுருட்டி அடைத்துவிடுவார்கள். இங்கும் அடைத்திருந்தார்கள். ஆனால் கம்பளத்தின் ஒரு முனை மட்டும் விலகிக் கிடந்தது, உள்ளிருந்து யாரோ கதவைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தது போல.

"வாடி, வா. காப்பி ஆறுது. இந்தக் கிழவன் பேசறத காதுல வாங்காத."

"என்னைவிட மூணு வயசு மூத்தவ, நான் கிழவனாம்."

போர்கில்டின் வலது கை மடியில் கிடந்தது. நவம்பரில் பக்கவாதம் வந்ததிலிருந்து அது காலிக் கையுறை மாதிரி. இடது கையால் உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவி நீட்டினாள். அடுப்பு எண்ணெய் வாசனை, ஈரக் கம்பளி வாசனை, இரண்டுக்கும் அடியில் இன்னொன்று, நாள்பட்ட படுக்கையின் புளித்த வாசனை.

ஆர்டிஸ் பெட்டிக்காகத்தான் வந்திருந்தாள். நார்வேயிலிருந்து இங்கே குடியேறியவர்களின் கடிதங்களை ஒரு கல்லூரிக்காகச் சேகரிக்கிற வேலை அவளுடையது. கொட்டகைகளிலும் பரண்களிலும் எலி மிச்சம் வைத்ததைப் பொறுக்கிப் பத்து வருடம் ஆகிவிட்டது. இந்தப் பெட்டியில் இருந்தவை அவளுடைய சொந்தப் பாட்டி மாரித், 1896-இல் கப்பல் ஏறிய நாளிலிருந்து ஊரில் இருந்த தாய்க்கு எழுதியவை. அந்தத் தாய் இறந்ததும் உறவுக்காரர்கள் ஒன்றுவிடாமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆறு வருடம் முன்பு போர்கில்ட் மாதிரிக்கு நாலே நாலு அனுப்பி வைத்தாள். இப்போது யாருக்கும் படிக்கத் தெரியாத அந்தக் கோணல் எழுத்தை, அந்த நாலையும் பார்த்துப் பார்த்து எழுதித்தான் ஆர்டிஸ் கற்றுக்கொண்டாள்.

பெட்டியைத் திறந்தாள். கம்பளி நூலால் கட்டிய கட்டுகள், வருட வாரியாக. 1898. 1904. 1910.

1912.

அவள் விரல் நின்றது. மாரித் இறந்தது 1911 மார்ச் ஒன்பது. ஒவ்வொரு கோடையிலும் அம்மா ஆல்மாவோடு போய் அந்தக் கல்லறைக் கல்லைக் கழுவி வைக்கிறவள் அவள். 1912, 1920, 1934, 1951. அதே கோணல் எழுத்து. கடைசிக் கடிதம் போன அக்டோபர், 1973. 'அன்புள்ள அம்மா, நான் நலம். முட்டி வலிதான், படி இறங்க முடிவதில்லை. பசி மட்டும் நன்றாக எடுக்கிறது.'

"பெரியம்மா, யாரு எழுதினது இதெல்லாம்?"

"நான்தான். எங்க அம்மா போனப்ப எனக்குப் பதினாலு வயசு. ஊர்ல பாட்டிக்கு இதயம் பலவீனம், மக செத்துட்டான்னு கேட்டா தாங்கமாட்டான்னு அப்பா சொன்னாரு. ஆனா பிரசவத்துல ஒரு உசுரு போச்சுன்னு இங்கேருந்து வேற யாராவது எழுதிடுவாங்க இல்ல? அதனால மாத்தி எழுதினோம்."

"மாத்தின்னா?"

"குழந்தை போயிடுச்சு, தாய் பிழைச்சுட்டான்னு."

அந்தக் குழந்தைதான் ஆல்மா. மின்னசோட்டாவில் அத்தை வீட்டில் வளர்ந்தவள். அறுபத்திரண்டு வயதுவரை ஒருமுறைகூட இந்த வீட்டுக்கு அழைக்கப்படாதவள். கிறிஸ்துமஸுக்குத் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் பார்த்து, கை கொடுத்து, அதோடு சரி. 'என் அக்காவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது' என்று சொல்லிச் சொல்லி அம்மா சிரிப்பாள்.

"ஊர்ல இருந்த அந்தப் பாட்டியம்மா எப்ப தவறினாங்க?"

"இருபத்தாறுல."

"அப்புறம் யாருக்கு எழுதினீங்க?"

போர்கில்ட் சன்னலைப் பார்த்தாள். செல்மர்தான் சொன்னார், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, சாப்பிடாமல்.

"நிறுத்தினோம்மா. ஒரே மாசம். ஒருநாள் சாயங்காலம் கீழ இறங்கி வந்து, 'கடுதாசி போட்டாச்சா'ன்னு கேட்டா."

"யாரு?"

அவர் கண் மாடிப்படிக் கதவுக்குப் போனது.

"செத்துட்டாங்கன்னு எழுதி முடிச்சிருக்கலாமே, மாமா."

"நான் எழுதாம இருப்பேனா?" பெட்டியின் அடியிலிருந்து ஒரு தாளை உருவி மேசையில் போட்டார். அவருடைய கோழிக் கிறுக்கலில் ஒரே வரி: அம்மா இறந்துவிட்டாள். அதன்மேல் நேராக ஒரு கோடு. கீழே அந்தக் கோணல் எழுத்து: 'செல்மர் சின்ன வயதிலிருந்தே விளையாட்டுப் பிள்ளை. நம்பாதே அம்மா. நான் நலம்.'

"இது பெரியம்மா எழுதினதுதானே?"

"அன்னிக்கு நான் ஊர்லயே இல்லடி. ஃபார்கோவுல பல் புடுங்கிக்கிட்டுக் கெடந்தேன்."

தலைக்கு மேலே கட்டில் கம்பி ஒன்று முனகியது. மெதுவாக, நெடுநேரம் ஒரே பக்கம் படுத்திருந்தவர் மறுபக்கம் திரும்புகிற முனகல்.

ஆர்டிஸ் எழுந்தாள். கோட்டை எடுத்தாள். கதவைத் திறந்ததும் வெள்ளைச் சுவர் போலப் பனி முகத்தில் அறைந்தது. பிற்பகல் மூன்று மணிக்குக் கொட்டகையும் தெரியவில்லை, சாலையும் தெரியவில்லை, காரின் கூரை மட்டும் ஒரு மேடாகத் தெரிந்தது. கதவைச் சாத்தினாள். சாத்தத்தான் முடிந்தது.

"அப்பவே போகச் சொன்னேன்," என்றார் செல்மர். "நலம்னு நாலு வரி, அவ்வளவுதான். ஆனா ஒரு தடவ எழுதிட்டா அடுத்த மாசமும் நீதான். சாகற வரைக்கும் நீதான். நாங்க ரெண்டு பேரும் ஏன் கல்யாணம் கட்டாம இங்கயே கெடந்தோம்னு நெனக்கிற?"

"பயமுறுத்தாதடா அவள." போர்கில்ட் மைப்புட்டியை இடது கையால் தள்ளினாள். "உனக்கு ஏன் அந்த நாலு கடுதாசி அனுப்பினேன்? உட்காரு, கண்ணு. எனக்குக் கை விழுந்துடுச்சு. இல்லாட்டி உன்னக் கேப்பேனா?"

மேலே தரைப்பலகை ஒன்று அழுந்தியது. பிறகு அடுத்தது.

ஆர்டிஸ் உட்கார்ந்தாள். அந்தக் கோணல் எழுத்து தானாகவே வந்தது, அந்த அளவு பழகியிருந்தது. 'அன்புள்ள அம்மா' என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். மாதாமாதம் இந்த நாற்காலி. இந்த வாசனை. இந்த மாடிச் சத்தம். முடியாது. பத்து வருடமாக அவள் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: தப்பான பதிவு கிடைத்தால் மூலத்துக்குப் போய்த் திருத்துவது. தப்பு முதல் கடிதத்தில் இருந்தது. மாமா அதில் பாதியைத்தான் திருத்தினார். முழுசாகத் திருத்தினால்?

வேகமாக எழுதினாள். 'மாரித் 1911 மார்ச் 9 அன்று இறந்தாள். குழந்தை பிழைத்தது. பெயர் ஆல்மா.'

போர்கில்ட் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தாள். படித்தாள். அவள் வாய் ஒரு பக்கமாகத் திறந்தது.

"குழந்தையப் பத்தி ஏண்டி எழுதின? ஐயோ, அது இருக்குன்னே அவளுக்குத் தெரியாதுடி. அறுபது வருசமா மறைச்சு வெச்சோம்டி!"

மேலே சத்தம் நின்றது.

காற்றும் நின்றது போலிருந்தது. அடுப்பின் நீலச் சுடர் குறுகியது.

படி. ஒரு கால். நெடுநேரம் கழித்து இன்னொரு கால்.

செல்மர் தட்டையே பார்த்தார். கைகளைக் கோத்துக்கொண்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

படி.

படி.

கம்பளம் தரையில் உரசி விலகியது. குளிர். புளித்த வாசனை. ஆர்டிஸ் திரும்ப நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. தொண்ணூற்றெட்டு வயதுக் கை. தோல் காகிதம் மாதிரி. மோதிரம் நூலாகத் தேய்ந்திருந்தது. அது அவள் விரல்களிலிருந்து பேனாவை எடுத்தது, குழந்தையிடமிருந்து எடுப்பது போல, வலிக்காமல்.

முதல் வரியின் மேல் நேராக ஒரு கோடு.

பிறகு இரண்டாம் வரி. பேனா அதன்மேல் நின்றது. கோடு போடவில்லை. 'ஆல்மா' என்ற பெயரின் மேல் ஒரு சொட்டு மை விழுந்து பரவியது. காதருகே மூச்சு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மூச்சு. படித்து முடித்தது. மறுபடி முதலிலிருந்து படித்தது.

சில்லென்று ஒரு விரல் ஆர்டிஸின் தாடைக்கு அடியில் நுழைந்து, அவள் முகத்தை மெல்ல வெளிச்சத்துக்குத் திருப்பியது.

"போர்கில்ட், இது யாரு பெத்த பொண்ணு?"