மறுப்பான்

"வேண்டாம்" என்றது சுவர்.

"நான் இன்னும் விலையே சொல்லலை" என்றாள் வசுமதி.

"சொல்லவே வேண்டாம் வசு. காப்பி போடற மெஷின் ஏற்கெனவே ஒண்ணு இருக்குது. அதையே நீ துடைக்கிறதில்லை."

குரல் குமரவேலுடையது. ஆள்தான் இல்லை. போன வருஷமே விவாகரத்து வாங்கிக்கொண்டு சிங்காநல்லூர்ப் பக்கம் போய்விட்டான்.

பிரிந்த கையோடு ஜனங்கள் கண்டபடி செலவு செய்து கடனில் மூழ்குகிறார்கள் என்று குடும்ப நீதிமன்றம் கண்டுபிடித்தது. வீட்டில் 'வேண்டாம்' சொல்ல ஆள் இல்லாததுதான் காரணமாம். அப்படி வந்ததுதான் மறுப்பான். கல்யாணமான நாளிலிருந்து நடந்த வரவு செலவு, வீட்டு ஒலிவாங்கியில் பதிவான பணச் சண்டைகள், எல்லாவற்றையும் தின்றுவிட்டு, பிரிந்த துணையைப் போலவே யோசித்து அதே குரலில் பேசும். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் எதை வாங்கினாலும் அது சம்மதிக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு அதன் பேச்சுதான் சட்டம்.

அந்த ஒரு வருஷம் இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

முதல் மாதம் அந்தச் சுவரையே இடித்துவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. இப்போதோ வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே எதையாவது விலை கேட்கிறாள். சோபா, கம்மல், ஊட்டியில் இரண்டு நாள் அறை. வாங்குவதற்கு இல்லை. அந்த வீட்டில் அவளோடு பேசுவது அது ஒன்றுதான்.

இன்று அரை நாள் லீவு போட்டாள். நீதிமன்றத்து நீட்டிப்புப் பிரிவுக்குப் போனாள்.

அங்கே பெஞ்சில் குமரவேல். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"நல்லா இருக்கீங்களா?"

ஒன்பது வருஷம் 'நீ' என்றவன்.

"இருக்கேன். கார் ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன்." சும்மாதான் சொன்னாள்.

"வாங்குங்க. நல்லதுதான்."

அவ்வளவுதான். மறுப்பானாக இருந்தால் தவணை யார் கட்டுவது, எங்கே நிறுத்துவது என்று ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றிருக்கும்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தான். "நீட்டிக்கலாம்னுதான். உங்க குரல் இருந்தா கை கொஞ்சம் கட்டுக்குள்ள இருக்குது."

"எனக்கும் அதுக்குத்தான்."

கவுன்ட்டரில் இருந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தாராளமா நீட்டிக்கலாமுங்க. வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். ஆளுக்கொரு அறைக்குள்ள போயி சம்மதம் வாங்கிட்டு வந்துருங்க."

"யாரோட சம்மதம்?"

"உங்க மறுப்பானோடதுதானுங்க. ரெண்டாயிரத்துக்கு மேல போகுதல்ல?"

குறுகிய அறை. ஒரு நாற்காலி. வசுமதி தொண்டையைச் செருமிக்கொண்டு தொகையைச் சொன்னாள்.

"தண்டச் செலவு" என்றது மறுப்பான். "வேண்டாம்."

"எனக்கு வேணும்."

"எதுக்கு? ஒரு வருஷமா அநாவசியமா ஒரு பொருள் வாங்கலை நீ. இனிமே நான் எதுக்கு?"

"பேச்சுத் துணைக்கு."

"பேசறதுக்கு யாராவது பன்னிரண்டாயிரம் குடுப்பாங்களா? மனுஷங்ககிட்டப் பேசு. சும்மாவே பேசுவாங்க."

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். அது தன் குரல்தான் என்று உணர வசுமதிக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"கிறுக்குப் புடிச்சிருக்குதா உங்களுக்கு? ஒரு வருஷமா ஒரு சட்டை எடுக்கலை. முதல்ல அதுக்கு வழி பண்ணுங்க."

இப்படியா பேசினேன்? தான் பேசியதெல்லாம் வெறும் திட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

"சரி, மிக்ஸி?" என்றாள்.

"வேண்டாம்."

"கட்டில்?"

"ஒருத்திக்கு எத்தனை கட்டில்?"

அந்தப் பக்கம் குமரவேலும் எதையெதையோ விலை கேட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். நடுவே ஒரு பலகை. கையை நீட்டித் தட்டியிருக்கலாம். இருவரும் தட்டவில்லை.

"பட்டுப்புடவை?"

மணி ஐந்து. பதில் வரவில்லை. பலகைக்கு அப்பால் அவள் குரலும் பாதி வாக்கியத்தில் நின்றுபோயிருந்தது.

வாசலில் மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. "ஆட்டோ சொல்லட்டுங்களா?" என்றான் அவன்.

"வேண்டாங்க. பீளமேடுதானே, நடந்தே போயிக்கிறேன்."

பீளமேடு அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை. அவன் வேண்டாமென்று சொல்லட்டும் என்று வசுமதி கொஞ்சம் நின்று பார்த்தாள்.

"சரிங்க" என்றான் குமரவேல்.