நான்காவது மூலை

டெலிபோன் அடித்தது.

தலைமை குமாஸ்தா எடுத்தார். மறுமுனையில் மனைவி.

"என்னங்க... உடனே வீட்டுக்கு வாங்க."

"இப்ப எந்தச் சுவர்?"

"சுவர் இல்லீங்க. வீட்டுக்கு அடியில ஒரு ஆள் இருக்கார்."

"மேல இருக்கிற நம்மாலயே இருக்க முடியல. அடியில யாரு குடி வந்தது?"

"செத்துப் போயிருக்கார்ங்க..."

குமாஸ்தாவின் கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்ப் நழுவியது. யாரோ ஒருவரின் விண்ணப்பத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று தானாகவே விழுந்தது.

வீட்டுக்கு ஓடினார்.

கட்டி இரண்டே வருடமான வீடு அது. படுக்கையறையின் பின்பக்க மூலையில் ஒரு விரிசல் புறப்பட்டு, செங்கல் செங்கலாகப் படியேறி, ஜன்னல் விளிம்பைத் தொட்டுக் கூரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கீழே தலைமுடி கனம். மேலே சுண்டுவிரலே நுழையும். குளியலறைக் கதவு மூடாது. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். குமாஸ்தாவுக்குத் தெரிந்தது இரண்டே பாட்டு. இரண்டையும் மனைவி வெறுக்க ஆரம்பித்துப் பத்து மாதமாகிறது.

வைத்தியம் பார்த்தவர் கட்டட டாக்டர். பட்டம் எந்தக் கல்லூரியும் கொடுத்ததல்ல. விசிட்டிங் கார்டு அச்சடித்த அன்று அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்டது.

முதல் முறை வந்தார். மண்ணைத் தோண்டிப் பார்த்து ஒரு ரிப்போர்ட் கொடுத்தார். மரத்தின் வேர் என்றார். மரத்தை வெட்டினார்கள். விரிசல் வளர்ந்தது.

இரண்டாம் முறை வந்தார். கழிவுநீர்க் குழாய்க் கசிவு என்றார். குழாயை மாற்றினார்கள். விரிசல் வளர்ந்தது.

மூன்றாம் முறை, சுவருக்கே ஊசி போட்டு ரசாயனப் பசை ஏற்றினார். பசை ஏற்றிய இடம் பாறை மாதிரி நின்றது. பக்கத்தில் புதிதாக ஒன்று கிளம்பியது.

ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது ஒரே வசனம்தான்.

"கட்டினவன் சரியில்ல சார். நான் என்ன பண்ண முடியும்?"

கட்டிய மேஸ்திரி வேறு யாருமில்லை. குமாஸ்தாவின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி! பத்து மாதமாகக் குமாஸ்தா அவனைத் திட்டாத நாளில்லை. அவன் வாசற்படி மிதிப்பதையே விட்டிருந்தான்.

ஆனால் மனைவி சும்மா இருக்கவில்லை. கணவர் ஆபீஸ் போன நேரமாகப் பார்த்துத் தம்பியை வரவழைத்தாள். அவன் விரிசலுக்குக் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டினான். தேதி எழுதினான். ஒன்பதாம் நாள் மூன்றும் உடைந்திருந்தன.

"விரிசல் இன்னும் உயிரோட இருக்குக்கா. மேல அகலம், கீழ குறுகல். மத்த மூலையெல்லாம் கல்லு மாதிரி நிக்குது. இது மட்டும் இறங்குது. அடியில என்னமோ காலியா இருக்கு."

சுவரை இரண்டு ஜாக்கிகளில் தாங்க வைத்துவிட்டுத் தோண்டினான்.

நான்கடியில் ஒரு ஷூ தட்டுப்பட்டது.

ஷூவுக்குள் கால் இருந்தது...

குமாஸ்தா வந்து சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் குழி விளிம்பில் குந்தியிருந்தார். மேலே எடுத்துக் கிடத்தியிருந்ததைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். அருகே ஒரு மஞ்சள் ஹெல்மெட். அதில் கட்டட டாக்டரின் கம்பெனி ஸ்டிக்கர். போன் போன வேகத்தில் டாக்டரே காரில் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் நான்கு பேனா.

தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

"என் பார்ட்னர்தான் சார். அந்தப் பெல்ட் நான் வாங்கிக் கொடுத்தது. வெளிநாடு போயிட்டான்னு நெனச்சிட்டிருந்தேன்."

"எப்ப கடைசியா பார்த்தீங்க?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. இந்த வீடு அஸ்திவாரம் முடிஞ்சு நின்ன சமயம். எங்க கம்பெனிதான் மேற்பார்வை." டாக்டர் பெருமூச்சு விட்டார். "சொல்லக்கூடாது. இந்த மேஸ்திரிக்கும் அவனுக்கும் தினமும் தகராறு. மட்டம் சரியில்லன்னு அவன் சொல்ல, மட்டக்கோலாலயே அடிப்பேன்னு இவர் சொல்ல..."

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"சொன்னியாப்பா?"

"சொன்னேன் சார்." மேஸ்திரி தலையைச் சொறிந்தான். "எல்லா சைட்லயும் எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

"ஜீப்ல ஏறு."

"சார், அவனே தோண்டி அவனே எடுத்துக் கொடுத்திருக்கான்." மனைவி குறுக்கே வந்து நின்றாள். "கொன்னவன் அதைச் செய்வானா?"

"வீடு விழுந்தா எப்படியும் வெளிய வரும்மா. முன்னாடியே பிணத்த எடுத்துட்டுப் போகலாம்னு தோண்டியிருப்பான். நீங்க எட்டிப் பார்த்துட்டீங்க."

மேஸ்திரி அதைக் காதில் வாங்கவில்லை. குழியின் பக்கவாட்டையே வெறித்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"சார், கொலைன்னு சொல்லுங்க, தாங்கிக்கிறேன். இந்தக் குழிய நான் மூடினேன்னு மட்டும் சொல்லாதீங்க. அரையடிக்கு அரையடி மண்ணு போட்டு, தண்ணி விட்டு, கட்டையால இடிச்சு இறுக்கணும். இவன் மொத்தமா தள்ளி மூடியிருக்கான். தூள் தூளா இருக்கு பாருங்க. அதான் மூலை இறங்குது. இது மண்வெட்டியே புடிக்காத கை சார்."

"கொலை பண்ணிட்டு ஓடறவன் தண்ணி விட்டு இடிச்சிட்டிருப்பானா? ஏறுய்யா."

கான்ஸ்டபிள் அவன் தோளில் கை வைத்தார். ஜாக்கி ஒன்று கிறீச்சிட்டது. எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள்... டாக்டர் மட்டும் மூன்றடி.

மனைவி கணவரிடம் திரும்பினாள்.

"பத்து மாசமா வாய் ஓயாம திட்டினீங்கள்ல? இப்ப அவனுக்காக ஒரு வார்த்தை பேசுங்களேன். கொண்டுபோனா திரும்ப விடமாட்டாங்க."

குமாஸ்தாவுக்குப் பேச வராது. இருபத்தாறு வருடமாக அவருக்குத் தெரிந்தது படிக்க மட்டும்தான். பேசாமல் உள்ளே போனார். டாக்டர் கொடுத்த ரிப்போர்ட் ஃபைலோடு வந்தார். எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல் ஏறியது.

"என்ன சார், இங்க லைப்ரரியா?"

"ஒரு நிமிஷம்ங்க... பதினோராம் பக்கம். மண் பரிசோதனை. நாலு மூலையிலயும் ஆறடி ஆழம் தோண்டிப் பார்த்ததா இருக்கு." குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான் அன்னைக்கு அரைநாள் லீவு போட்டு நின்னேன். மூணு குழிதான் பார்த்தேன். இந்த நாலாவது மூலைய எப்ப தோண்டினீங்க டாக்டர் சார்?"

டாக்டரின் நெற்றி சுருங்கியது. மண் பரிசோதனையைப் பற்றி ஒரு குமாஸ்தா... அவரிடம்... கேள்வி!

"மிஸ்டர், நான் பார்க்காத மண்ணப் பத்தி ஒரு வரி எழுத மாட்டேன். இருபது வருஷ சர்வீஸ். நீங்க ஆபீஸ் கிளம்பின பிறகு, இதே இடத்துல, நானே நின்னு தோண்ட வெச்சுப் பார்த்தேன். கீழ கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு, படிங்க."

குமாஸ்தா படித்தார்.

"'நான்காவது மூலை. ஆறடி வரை இறுகிய களிமண். கலைக்கப்படாத இயற்கை நிலை. வெற்றிடம் ஏதுமில்லை.'"

"அதேதான். வார்த்தைக்கு வார்த்தை."

இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்தார். முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"ரிப்போர்ட் தேதி என்ன?"

"பத்து மாசம் முன்னாடிங்க."

"பிணம் உள்ள போய் ரெண்டு வருஷம். நாலடியில கிடந்திருக்கு. நீங்க ஆறடி தோண்டினப்ப, இவர் கொஞ்சம் நகர்ந்து வழி விட்டாரா டாக்டர்?"

டாக்டர் ஃபைலை வாங்கித் தன் கையெழுத்தையே பார்த்தார்.

வெள்ளைச் சட்டையின் முதுகில் ஈரம் படர்ந்தது.

"சார்... அது வந்து... அந்த மூலைய நான் தோண்டல. ஆபீஸ்ல உட்கார்ந்தே எழுதிட்டேன்."

"இத முதல்லயே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். என் ரிப்போர்ட்லயே பாதி அப்படி எழுதினதுதான்." இன்ஸ்பெக்டர் நெருங்கினார். "மூணு மூலைய ஒழுங்கா தோண்டின ஆளு, விரிசல் இருக்கிற மூலைய மட்டும் ஏன் தோண்டல?"

டாக்டர் தன் காரைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க. இந்தம்மா எல்லாம் சொன்னாங்க. மரத்துமேல பழியப் போட்டீங்க, குழாய்மேல போட்டீங்க, ஊசி போட்டீங்க. இங்க மட்டும் ஒரு மண்வெட்டி விழல. ஏன்?"

கட்டட டாக்டர் அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்தார். நான்கு பேனாவும் சரிந்து விழுந்தன.

"அவன் ஊரெல்லாம் சொல்லிடுவேன்னான் சார். நான் சைட்டே பார்க்காம ரிப்போர்ட் எழுதறேன்னு... வந்த கோபத்துல பிடிச்சுத் தள்ளினேன். கல்லுல தலை மோதிடுச்சு. இருபது வருஷமா சேர்த்த பேரு சார்..."

அந்த ஒரு குட்டு வெளியே வரக்கூடாது என்று ஒரு ஆளைப் புதைத்தவர், அதே குட்டை மறைக்கத்தான் சற்று முன் முத்திரை குத்தி வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

கான்ஸ்டபிளின் கை மேஸ்திரியின் தோளிலிருந்து டாக்டரின் தோளுக்கு இடம் மாறியது. ஜீப்பின் பின்கதவு திறந்தது.

மனைவி தம்பியின் கன்னத்தைத் தடவினாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்ல அகராதி தேவையில்லை.

குமாஸ்தா தொண்டையைச் செருமினார்.

"மாப்ள... பத்து மாசமா உன்னத் தப்பா பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

"விடுங்க மாமா."

"ஒண்ணு மட்டும் புரியல." குமாஸ்தா குழிக்குள் எட்டிப் பார்த்தார். "நீ அஸ்திவாரம் ஆறடி போட்டேன்னு சொன்ன. மண்வெட்டியே புடிக்காத இந்த மனுஷன் நாலடிதான் தோண்டியிருக்கார். அதுக்குள்ள எப்படி அஸ்திவாரத்துக்கு அடியில ஆளச் சொருக முடிஞ்சது?"

மேஸ்திரி அக்காவைப் பார்த்தான். ஜாக்கியைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான்.

"நீங்கதானே மாமா, சீக்கிரம் முடி, சீக்கிரம் முடின்னு நின்னீங்க..."

"எத்தனை அடிடா?" அக்கா கேட்டாள்.

"மூணுக்கா."

ஜீப் உறுமிப் புறப்பட்டது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அதன் பின்னாலேயே ஓடினாள்.

"சார், கொஞ்சம் நில்லுங்க... இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கா?"