பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

மின்சாரத்தை நான் நம்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வந்து ஆளைப் பிடிக்கிற எதையும் நம்புவதில்லை.

என் பெண்டாட்டியின் தம்பி ஒஸ்வல்ட் கிட்டார் வாசிக்கிறவன். அறுபத்தாறாம் வருசம் கொழும்பிலிருந்து பழைய அம்ப்ளிபயர் ஒன்றை வாங்கி வந்தான். பிஸ்கட் டின் அளவுதான் பெட்டி. கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்குமாம். கோயில் கல்யாணத்தில் வாசிக்க ஒத்திகை பார்க்க வேண்டும், வீட்டிலோ கரண்டு இல்லை. யட்டவத்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் மூடிக்கிடந்தாலும் கரண்டு இருந்த கொக்கோ ஸ்டோருக்கு அவனை என் லொறியில் கொண்டுபோனேன்.

மத்தியான நேரம். ஆனாலும் உள்ளே இருட்டு. ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு இரும்புக் கதவு. புளித்த கொக்கோ விதை நாற்றமும் வௌவால் நாற்றமும் தொண்டையை அடைத்தன. காவல்காரர் செல்லச்சாமி கதவைத் திறந்துவிட்டுத் தூறலில் நின்றுகொண்டார்.

“உள்ள வாங்களேன்.”

“எனக்கு இங்கயே காத்து நல்லாருக்குங்க,” என்றார், தலையில் தண்ணீர் வடிய.

ஒஸ்வல்ட் சுவரில் பிளக்கைக் குத்தினான். பெட்டிக்குள் கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. தூசி கருகும் மணம் வந்தது. பிறகு ஓர் இரைச்சல், டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்டது போல.

“எர்த் இல்ல மச்சான். பாருங்க.” கிட்டார்க் கம்பிகள்மேல் கையை வைத்தான். இரைச்சல் அடங்கியது. எடுத்தான். திரும்ப வந்தது. “மனுசக் கை பட்டா அடங்கிரும்.”

“ஒங்கக்கா கைய வச்சா பெட்டியே செத்துரும்டா.”

சிரித்துக்கொண்டே பிளக்கைக் கழற்றித் திருப்பிக் குத்தினான். கொஞ்சம் குறைந்தது. கிட்டாரைச் சாக்கின்மேல் கிடத்திவிட்டுப் பெட்டியின் பின்னால் குனிந்து வயரைத் தடவினான்.

இரைச்சல் நின்றது.

நான் கிட்டாரைத் தொடவில்லை. அவனும் தொடவில்லை.

“வால்வு போயிருச்சா?” என்று எட்டிப் பார்த்தான். வால்வுகள் சிவப்பாகவே எரிந்தன. நான் கிட்டாரைப் பார்த்தேன். ஆறு கம்பிகளும், யாரோ மேலிருந்து அழுத்துவதுபோல, மரத்தோடு படிந்து கிடந்தன.

“தொடாதடா!”

அதற்குள் கை நீட்டிவிட்டான். விரல்கள் கம்பிகள்மேல் மூடிக்கொண்டன. உடம்பு விறைத்தது. நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். வால்வுகள் மங்கி அணைந்தன.

கை வரவில்லை.

“விடுடா ஒஸ்வல்ட்!”

“முடியல மச்சான்.” கிசுகிசுத்தான். “இது கரண்டு இல்ல. குளிருது. எங் கைக்கு மேல இன்னொரு கை இருக்கு.”

நகம் நீலமானது. நீலம் மணிக்கட்டுக்கு ஏறியது. பிறகு முழங்கைக்கு. மூச்சு இழுக்க ஆரம்பித்தான். அது நெஞ்சுக்குப் போனால் ஆள் முடிந்தான்.

வாசலில் நின்று செல்லச்சாமி மெதுவாகச் சொன்னார்.

“அந்தச் செவுத்துப் பிளக்கப் பூட்ட வந்த பையனையும் இப்புடித்தாங்க புடிச்சிச்சு. பொன்னையான்னு பேரு. நாங்க நாலு பேரு நின்னோம். கைய நீட்டி நீட்டிக் கெஞ்சினான். தொட்டா நம்மளையும் புடிச்சிரும்னு ஒருத்தரும் தொடலீங்க. அப்புடியே செத்துட்டான்.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்னய்யா?”

அவர் ஓரடி பின்வாங்கினார்.

எனக்கும் பயம்தான். ஆனால் இவனைப் பிணமாக ஏற்றிக்கொண்டு இவன் அக்கா முன்னால் எப்படிப் போய் நிற்பது? வலது கையை முழுதாக விரித்து, அவன் கைமேல் வைத்து இறுக்கிப் பிடித்தேன். எலும்புக்குள் குளிர் இறங்கியது. மூச்சைப் பிடித்து இழுத்தேன்.

வந்துவிட்டான்.

பெட்டி, கிட்டார், எதையும் எடுக்கவில்லை. இழுத்துக்கொண்டு ஓடினேன். லொறியடிக்கு வந்த பிறகும் பிடி தளரவில்லை. விரல்கள் நொறுங்குவதுபோல வலித்தன.

“போதும்டா, கைய விடு.”

“நான் எங்க மச்சான் புடிச்சேன்?”

குரல் லொறிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். ஒஸ்வல்ட் இரண்டு கையையும் மட்கார்டில் ஊன்றி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

அவன் பிழைத்தான். இரவல் கிட்டாரில் அந்தக் கல்யாணத்துக்கு வாசிக்கவும் செய்தான். இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது.

நான் லொறியை விற்றுவிட்டேன். சோறு தின்பது இடது கையால்தான். பந்தியில் பக்கத்தில் இருக்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

வலது கை காலியாக இல்லை.