பதினாலு தலை

நரேல் நின்ற பிறகும் அவளுடைய காலடிச் சத்தம் ஒரு அடி கூடுதலாக நடந்தது.

திரும்பிப் பார்த்தாள். அந்தக் காலத்துக் கப்பல்பட்டறைக்காரர்கள் பாறையைக் குடைந்து போட்ட சுரங்கப்பாதை, துருவும் பாசியும் கலந்த வாடை, எங்கோ சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர், அவ்வளவுதான். எதிரொலிக்குப் போய் பயப்படுவதா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக டப்போ ஊரிலிருந்து தனியாகச் சிட்னி பார்க்கக் கிளம்பி வந்தவள். பாலத்தைப் பார்த்தாயிற்று, மீன் சந்தையைப் பார்த்தாயிற்று, துறைமுகத்து நடுவில் கிடக்கும் இந்தத் தீவுதான் பாக்கி. நாளைக் காலை ரயில். மறுநாள் மகள் டீகனுக்கு அறுவை சிகிச்சை. இரண்டு வயதுப் பேத்தி மைசியைப் பார்த்துக்கொள்ள நரேலை விட்டால் ஆளில்லை.

மதியம் படகிலிருந்து இறங்கும்போதே படகுக்கார லாக்லன் கறாராகச் சொல்லியிருந்தான். கையிலிருந்த எண்ணும் கருவியைத் தலைக்கு ஒரு தடவை அமுக்கிக்கொண்டே, "பதினாலு பேர் இறங்கறீங்க, பதினாலு பேர் ஏறணும். நாலரைதான் கடைசிப் படகு. விட்டீங்கன்னா கூடாரம் போட்டிருக்கவங்களோட குளிர்ல கிடக்கணும்க்கா" என்றான்.

"என் குறட்டையில அவங்கதான் பாவம்" என்று சிரித்தாள் நரேல்.

நம் துறைமுகத்துப் படகுக்காரர்களுக்குத் தலைக்கணக்குதான் வேதம். முகத்தை எவன் பார்க்கிறான்?

மணி நாலு இருபது. ஜூலை மாதக் குளிர்கால வெளிச்சம் சுரங்கத்தின் மறுவாயில் சாம்பலாக மங்கிக்கொண்டிருக்க, அவள் இடது முழங்காலை இழுத்து இழுத்து வேகமாக நடந்தாள். பின்னால் அந்தச் சத்தமும் வேகமெடுத்து நெருங்கி, ஈரக் கம்பளியின் நாற்றத்தோடு அவள் தோளை உரசிக்கொண்டு முன்னால் போயிற்று. யாரும் கண்ணில் படவில்லை. சத்தம் மட்டும் போனது. ஒரு அடி அழுத்தமாக, ஒரு அடி இழுத்து. அவளுடைய நடையேதான்.

அவளும் நடந்தாள். அவளுடைய கால்களுக்குச் சத்தமே இல்லை.

ஓடினாள்.

படகுத்துறையில் வரிசை முடிந்திருந்தது. கடைசியாக ஏறிக்கொண்டிருந்த சிவப்புக் கோட்டுக்காரியின் முதுகு தெரிந்தது. இடது காலை இழுத்து ஏறினாள். லாக்லன் கருவியை ஒருமுறை அமுக்கிவிட்டு, பலகையை இழுத்துப் போட்டான்.

"நில்லு லாக்லன், நான் ஏறல!"

அவன் கருவியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அறிமுகமே இல்லாத பார்வை.

"பதினாலும் ஏறியாச்சுங்க. நீங்க கூடாரத்துல தங்கறவங்கதானே? உங்களுக்குக் காலைல ஒன்பதுக்குத்தான் படகு."

"என்னய்யா சொல்ற? மத்தியானம் என்கிட்ட பேசினியே, குறட்டைன்னு நான்…"

"அவங்க உள்ள உக்காந்திருக்காங்களே" என்று சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தான்.

படகு விலகியது. ஒரு கை அகலம். ஒரு ஆள் நீளம். கறுப்புத் தண்ணீர்.

நரேல் மகளைப் போனில் அழைத்தாள். மைசி. மைசியை யாரிடம் விடுவாள்? மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. டீகன் எடுத்தாள்.

"டீகன், அம்மாடி, படகை விட்டுட்டேன். இங்க என்னமோ…"

"யாருங்க நீங்க?" டீகனின் குரலில் எரிச்சல். "எங்கம்மா இன்னொரு லைன்ல இருக்காங்க. படகுல ஏறிட்டாங்களாம். நாளைக்கு வந்ததும் பாப்பாவ அவங்களே தூங்க வைக்கிறாங்களாம். இப்ப வைங்க."

படகின் ஜன்னலில் விளக்கு எரிந்தது. சிவப்புக் கோட்டுக்காரி காதில் போனோடு உட்கார்ந்திருந்தாள். நரேலின் முகம். நரேலின் சிரிப்பு. போனைக் காதிலிருந்து எடுக்காமலே துறையின் பக்கம் திரும்பினாள். மடியில் ஒரு குழந்தை கிடப்பதுபோல, வெறும் கையைத் தாலாட்டிக் காட்டினாள்.