ஸ்கேனில் தெரியாத வலி

பள்ளி வேன் வாசலில் வந்து நின்று இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டது. மகள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. வலது முட்டியைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பதினாலு வயது. விழுந்து அடிபட்ட காயம் ஆறி ஒரு வருஷம் ஆகியும் வலி மட்டும் விடவில்லை.

"இன்னைக்குக் கணக்குப் பரீட்சை இல்ல? அதான் கால்வலி வந்துடுச்சு," என்றாள் நாத்தனார், கூடத்திலிருந்தபடியே.

"எல்லாம் இவ குடுக்குற இடம்," என்று கணவன் மனைவியைக் காட்டிக் கத்தினான். பஸ் ஓட்டுகிறவன், குரலைத் தணித்துப் பழக்கமில்லை. "மூணு ஸ்கேன் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லன்னு வந்தாச்சு. இன்னும் என்ன நடிப்பு?"

மனைவி வாசலுக்கு நடந்தாள். மகளுக்காகத்தான் ரத்தப் பரிசோதனை நிலையத்து வேலையை விட்டாள். 'வீட்டுல சும்மா உக்கார ஒரு சாக்கு' என்ற பேச்சுதான் மிச்சம். வேனை அனுப்பிவிட்டு வந்து சொன்னாள்: "பத்து மணிக்கு வலிக்குன்னே பார்க்குற டாக்டர்கிட்ட போறோம். நீங்களும் வாங்க. நடிப்பா இல்லையான்னு அவங்க வாயாலயே கேட்டுக்குங்க."

டாக்டரம்மா ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். "எப்பம்மா வலி கூடும்?"

மகள் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "அப்பா செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டாலே... நெஞ்சு படபடன்னு அடிக்கும். அப்புறம் முட்டி எரிய ஆரம்பிச்சிடும். என்னாலதானே அம்மா திட்டு வாங்குறாங்க..."

கணவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலி நிஜம்," என்றார் டாக்டரம்மா. "காயம் ஆறிடுச்சு. மூளைதான் இன்னும் காவல் காத்துட்டே இருக்கு. பயமும் தூக்கமில்லாததும் அதை முடுக்கிவிடுது. வளர்ற வயசுல மூளை எதையும் சீக்கிரம் பழகிக்கும். பழகினதை மாத்தவும் முடியும். தினமும் கொஞ்சம் நடக்கணும், தூங்கணும். வீட்டுல சத்தம் குறையணும்."

வீடு திரும்பியதும் நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்ன, குட்டு வெளிப்பட்டுச்சா?"

"வெளிப்பட்டுச்சுக்கா. என் குட்டு," என்றான் அவன். "உன்னோடதும்தான்."

மனைவியிடம் திரும்பினான். "ஒரு வருஷமா உன்னைக் கரிச்சுக் கொட்டினேனே..."

அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் அவள் கண்ணில் தளும்பியது. துடைத்துக்கொண்டாள். "எங்கிட்ட அப்புறம் சொல்லலாம். முதல்ல அவகிட்ட போங்க. திங்கக்கிழமையிலேருந்து நான் வேலை தேடப் போறேன். அவளை நடக்க வைக்கிறது இனி உங்க பொறுப்பு."

அவன் மகளின் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தான். "தொட்டா வலிக்குமாம்மா?" இப்படி அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

மகள் அவன் பக்கம் திரும்பினாள். "இப்பத் தொட வேண்டாம்ப்பா. சும்மா பக்கத்துல இருங்க."

அவன் இருந்தான்.