நூற்று நாற்பத்தேழு சிரிப்புகள்

“ஏனுங்க அம்மணி... வரிசைன்னு ஒண்ணு இருக்குதுங்க!”

ராமாமணி வெடுக்கென்று திரும்பினாள். சூலூர் பக்கம், முன்னாள் படைவீரர் கேன்டீன் வாசல். உள்ளே போகும்போது ஒப்படைத்த செல்போனைத் திரும்ப எடுக்க ஒரு கூட்டம். மழை வேறு பிடித்துக்கொண்டது. பின்னால் நின்றவருக்கு அறுபது தாண்டியிருக்கும். நரைத்த மீசை, வளையாத முதுகு. ஆனால் அந்தக் கண்கள்... தூங்கிப் பல மாதம் ஆன கண்கள்.

“வரிசையிலதானுங்க நிக்கறேன். உங்க மீசைக்குத்தான் தனி வரிசை வேணுமாட்ட இருக்குது!”

அவர் உதட்டோரம் ஏதோ நெளிந்தது. சிரிப்பா? பார்ப்பதற்குள் மேசையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டார்.

ஐம்பத்தேழு வயதில் நெஞ்சு இப்படியா துள்ளும்... தன்னையே திட்டிக்கொண்டு அவள் காந்திபுரம் பஸ் ஏறினாள்.

ஒண்டிப்புதூர் தாண்டியதும் பையிலிருந்து போனை எடுத்தாள். அது அவளுடையது இல்லை! கேன்டீனில் தள்ளுபடியில் விற்ற அதே மாடல், அதே கறுப்பு உறை. பூட்டுகூடப் போட்டிருக்கவில்லை. திரையில் ஒரு மனநல ஆப் திறந்தே கிடந்தது.

‘ஹவில்தார் ஈஸ்வரமூர்த்தி, இன்று 147வது நாளாகச் சிரித்த முகம்! வாழ்த்துகள்!’

அதற்குக் கீழே, குறிப்பு எழுதும் இடத்தில், அன்று காலை அவரே எழுதியது: ‘மகளுக்கு மிக்சி வாங்கிக் குடுத்துட்டா கடமை முடிஞ்சுது. துப்பாக்கியைத் துடைச்சு வெச்சாச்சு. இனிப் போதும்.’

ராமாமணி அதை இன்னொரு முறை படித்தாள்.

இருபத்தெட்டு வருஷம் ராணுவ மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து, மேஜர் பதவியில் ஓய்வு பெற்றவள் அவள். அந்தச் சிரித்த முகங்களின் ரகசியம் புரிய ஒரு நொடி போதும். தினமும் காலையில் ஆப் கேட்கிறது, ‘இன்று எப்படி இருக்கிறீர்கள்?’ என்று. ஒரு பட்டாளத்தானுக்கு அது கேள்வியே இல்லை, காலையில் ஆஜர் எடுக்கும் ரோல் கால்! அதற்கு ஒரே பதில்தான். ‘சப் டீக் ஹை, சார்!’ எல்லாம் நல்லபடி இருக்குது, சார்! சிரித்த முகத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உண்மையைக் கீழே யாரும் பார்க்காத இடத்தில் எழுதியிருக்கிறார். ஆப் முகத்தை மட்டும் எண்ணியிருக்கிறது.

வார்டில் அவளிடம் அப்படி ‘டீக் ஹை’ சொன்ன ஒருவன், மறுநாள் காலை கட்டிலில் இல்லை...

தன் நம்பரையே அழைத்தாள். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது...

“யாருங்க?”

“போன் மாறிப்போச்சுங்க. கேன்டீன்ல உங்க கூட மல்லுக்கு நின்னேனே, அவதான். எங்க இருக்கீங்க?”

“ஊட்லதானுங்க. கலங்கல் ரோடு, மாரியம்மன் கோயலுக்கு எதுத்தாப்புல. போனை நாளைக்கு ஆரையாச்சும் உட்டு...” குரல் சட்டென்று இறுகியது. “என்ர போனைத் தொறந்து பாத்தீங்களா?”

“பாத்தேன். படிச்சேன். துப்பாக்கி எங்க?”

“அது என்ர சொந்த விசயமுங்க. வெய்யுங்க போனை.”

கெஞ்சுவதா? அழுவதா? இந்த மனிதர் எதற்குக் கட்டுப்படுவார் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸே திரும்பிப் பார்க்க எழுந்து நின்றாள்.

“ஹவில்தார் ஈஸ்வரமூர்த்தி! மேஜர் ராமாமணி பேசறேன். ஊட்டைப் பூட்டிச் சாவியோட வெளிய வந்து நில்லுங்க. நான் வர்ற வரைக்கும் நகரக் கூடாது. போனையும் வெக்கக் கூடாது!”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“யெஸ்... மேடம்.”

ஆட்டோ போய் நின்றபோது, வாசலில் தொப்பலாக நனைந்து அட்டென்ஷனில் நின்றிருந்தார். ஒரு கையில் சாவி. கன்னத்தில் வழிந்தது மழையா, வேறா... அவள் கேட்கவில்லை. குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள். அவ்வளவுதான்.

நகைக்கடைக் காவல் வேலைக்காக வைத்திருந்த அந்த ரெட்டைக்குழல் துப்பாக்கி அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப்பட்டது. தேர்தல் சமயத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் கொடுத்து வைப்பது போல ஒரு கையெழுத்து, முடிந்தது. மகள் நந்திதா திருப்பூரிலிருந்து வந்து அப்பாவோடு தங்கிக்கொண்டாள்.

அடுத்த ஐந்து வாரம் தினமும் போன். மனைவி இறந்தபின் கழிந்த மூன்று வருஷத்தை அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். ஊர் ஊராக மாற்றலாகிக் கல்யாணத்தையே மறந்துபோன கதையை அவள் பேசினாள். ஆனால் டாக்டர் என்றால் மட்டும் அவர் வாய் பூட்டிக்கொள்ளும்.

“பேர் சொல்லிக் கூப்புடக் கூடாதுங்களா?”

“மேஜரைப் போயி ஹவில்தார் பேர் சொல்றதா? ஆகாதுங்க மேடம்.”

அந்த ‘மேடம்’... அதைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டார்.

ஒருநாள் போனை எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. பதறிப்போய் ஓடினாள். வாசலிலேயே நின்றார், கல் மாதிரி.

“அன்னிக்கு நீங்க உத்தரவு போட்டீங்க, நின்னேன். எத்தனை நாளைக்குங்க உத்தரவுக்காகவே உசுரோட இருக்கறது?”

அவள் படியேறாமல் கீழேயே நின்றாள்.

“செரிங்க. இனி உத்தரவு இல்ல. நாளைக்குப் பத்து மணிக்குத் திருச்சி ரோட்டுல டாக்டர்கிட்டப் பேர் குடுத்திருக்கேன். நான் அங்க இருப்பேன். வாரதும் வராததும் உங்க இஷ்டம்.”

சொல்லிவிட்டாளே தவிர... வராவிட்டால்?

பத்து அடித்தது. பத்தேகால். ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவு திறக்கும் போதெல்லாம் அவள் உயிர் போய்ப் போய் வந்தது. பத்தரைக்கு, வியர்த்து விறுவிறுக்க அவர் உள்ளே வந்தார். தனியாக.

பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண் படிவத்தை நீட்டினாள்.

“சார், கூட இருக்கறவங்க பேருங்க?”

“ராமாமணி.”

மேடம் இல்லை, பேரையே சொல்லிவிட்டார்!

“உங்களுக்கு அவங்க என்ன வேணுமுங்க?”

சிநேகிதி என்று சொல்ல ராமாமணி வாய் திறந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

“இன்னும் ஒண்ணும் இல்லீங்க கண்ணு. கட்டிக்கோணும்னு ஆசை.” குரல் உடைந்தது. “ஆசைன்னு ஒண்ணு வந்தே மூணு வருசமாச்சு. இப்ப அது வந்ததாலதான் டாக்டரைப் பாக்கலாம்னு வந்தேன்.”

பெண்ணின் பேனா அந்தரத்தில் நின்றது. ராமாமணியின் கண்ணில் நீர் முட்டியது.

“ஏனுங்க, இதை எங்கிட்டல்ல மொதல்ல சொல்லோணும்?”

“தகிரியம் வரலீங்க. இந்தப் புள்ள கேட்டுப்போட்டா, நான் என்ன பண்றது?”

அவள் அந்தப் பெண்ணின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். உறவு என்று போட்டிருந்த காலி இடத்தில், எழுத்துக் கோணிப்போவதைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதினாள்...

‘வருங்கால மனைவி.’